ஆடிக்கு முன்னால் காய்ச்சின பால்

1

நான் அமெரிக்காவில் வீடு வாங்கிவிட்டேன் என்று முக்கூடலில் பேச்சு. மாடி வீடாம், பின்னால் தோட்டமாம், தோட்டத்தில் ஆப்பிள் மரமாம். போன வாரம் போனில் வந்த என் சித்தி மகள், சுகம்கூட விசாரிக்காமல், "யக்கா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா நாங்க கண்ணு வச்சிரவா போறோம்?" என்று குறைபட்டாள். வெளிநாட்டுப் போனில் காசு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி நிதானமாகக் குறைபடுகிறாள் என்றால் விசயம் நன்றாகத்தான் பரவியிருக்கிறது.

வாங்கினால் அல்லவா சொல்ல? நான் வீடு வாங்கவில்லை. வாங்காத வீட்டில் பால் காய்ச்சினேன். அது நிசம். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். நாளைக்கு ஆடி பிறக்கிறது. அந்தப் பாலைக் காய்ச்சி வருசம் ஒன்று ஆச்சு. இன்னும் ஒரு வருசம் விட்டால் ஆப்பிள் மரம் தோப்பாகிவிடும். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது ரெண்டாம் வகுப்பு. மூணாம் வகுப்புக்கு வந்த டீச்சருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, நின்றுவிட்டேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். இதை அச்சில் போடுகிற பத்திரிகைக்காரத் தம்பி எழுத்தைத் திருத்திக்கொள்ளட்டும். சங்கதியைத் திருத்தக் கூடாது.

2

நான் இருப்பது மிச்சிகன் என்கிற இடத்தில், என் தம்பி சங்கரன் வீட்டில். என் வீட்டுக்காரர் காலமானதும் டிக்கெட் அனுப்பினான், வந்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. சங்கரன் எனக்குப் பதினாறு வருசம் இளையவன், அதனால் அவனையே பிள்ளை என்றுதான் ஊரில் சொல்லுவார்கள். மோட்டார் கம்பெனியில் என்ஜினியர். அவன் பெண்டாட்டி செல்வி, கல்லிடைக்குறிச்சிக்காரி, பாங்கில் வேலை. ஒரே மகள் மீனா.

காலையில் ஏழு மணிக்கு எல்லாரும் போய்விடுவார்கள். சாயங்காலம் வரைக்கும் நானும் அந்த வீடும்தான். வீட்டில் குறையொன்றும் கிடையாது. சுடுதண்ணீர் கேட்கும்போது வரும். என் அறையில் தனி டிவி. ஆனால் அடுப்படி செல்வியுடையது.

செல்வியைக் குறை சொல்லவில்லை. இங்கே வீடு முழுக்கக் கம்பளம் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு தாளிப்பு தாளித்தால் கம்பளத்தில் ஏறி, குளிருக்குப் போடுகிற கோட்டில் ஏறி, அவளோடு பாங்குக்குப் போய்விடும். அங்கே பக்கத்து மேசைக்காரி மூக்கைச் சுளிப்பாளாம். அதனால் வந்த புதுசிலேயே பக்குவமாகச் சொன்னாள்: "மதினி, தாளிக்கதா இருந்தா நான் வந்த பொறகு தாளிங்க. நான் ஃபேனைப் போட்டு, ஜன்னலைத் தெறந்து வைக்கேன்."

அன்றையிலிருந்து அப்படித்தான். அறுபத்தாறு வயசில் கடுகு வெடிக்க உத்தரவுக்குக் காத்திருக்கிறவள் இந்த மிச்சிகனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். செல்வி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது நான் கரண்டியோடு நிற்பேன்.

எனக்கு என்று ஓர் அடுப்பு வேண்டும். ஆசை அவ்வளவுதான். யாரிடமும் சொன்னதில்லை. கேட்டு வாங்குகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

3

போன வருசம் மீனாவுக்குப் பெரிய காலேஜில் இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து காரில் மூணு மணி நேரம். சங்கரன் ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு வந்தான். ஆணும் பெண்ணும் ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிர் அறை. ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூணாம் நாள், அந்த ஊரிலேயே ஓர் இடத்தை விலைக்கு வாங்கிப் போடுவது என்று முடிவுக்கு வந்தான். பிள்ளை படிக்கும் வரை இருக்கட்டும், அப்புறம் விற்றுக்கொள்ளலாம், ஓர் அறையில் வேறு பெண்ணை வைத்தால் வாடகையும் வரும் என்று அவனுக்குக் கணக்கு.

வாங்குவது என்று ஆனதும் அடுத்த சண்டை: காண்டோவா, வீடா?

காண்டோ என்றால் என்ன என்று கேட்பீர்கள். எனக்கு விளங்கவே ஒரு வாரம் ஆச்சு. அது ஒரு பெரிய கட்டடம். அதில் நாலு சுவருக்கு உள்ளே இருக்கிறது உங்களுக்குச் சொந்தம். சுவர் சொந்தமில்லை. உங்கள் தரை கீழே உள்ளவனுக்குக் கூரை, உங்கள் கூரை மேலே உள்ளவனுக்குத் தரை. வெளியே இருக்கிற புல், படிக்கட்டு, தபால் பெட்டி எல்லாம் அங்கே குடியிருக்கிறவர்கள் சங்கத்தைச் சேர்ந்தது. சங்கத்துக்கு மாசாமாசம் பணம் கட்டினால் அவர்கள் புல் வெட்டுவார்கள், பனி அள்ளுவார்கள். ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்பதையும் அவர்களே சொல்லுவார்கள். துணியை வெளியே காயப் போட்டால் கடுதாசி வரும்.

"அப்போ நீ வாங்குதது என்னலே?" என்று சங்கரனிடம் கேட்டேன்.

"உள்ள இருக்க இடம்க்கா."

"இடம்னா? காத்தா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். படித்தவன், பொய் சொல்ல மாட்டான். "அப்படியும் சொல்லலாம்," என்றான்.

கார் நெல்லும் பிசான நெல்லுமாக ரெண்டு போகம் விளைந்த வயலுக்குச் சொந்தக்காரர் மகன், கடல் தாண்டி வந்து காற்றை விலைக்கு வாங்கப் போகிறான்.

வீடு என்றால் நமக்குத் தெரிந்த வீடுதான். மரத்தில் கட்டியிருப்பார்கள், ஆனால் கீழே மண் இருக்கும். புல்லை நாமே வெட்டணும், பனியை நாமே அள்ளணும். காலேஜுக்குப் போகிற பிள்ளை தனியாக அதெல்லாம் பார்க்க முடியாது. கூட ஒரு பெரிய ஆள் வேண்டும். பெரிய ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் பெரிய ஆள் வெட்டியாக இருந்தது நான் ஒருத்திதான்.

இதுதான் சங்கரனின் திராசு. காண்டோ என்றால் வாசலில் பொத்தானை அமுக்கினால்தான் திறக்கிற பூட்டு காவல். அறை ரெண்டு, ஒன்று மீனாவுக்கு, ஒன்று வாடகைப் பெண்ணுக்கு. எனக்கு அங்கே இடமில்லை. வீடு என்றால் அக்கா காவல். பூட்டா, அக்காவா என்று ஒரு மாசம் நிறுத்துக்கொண்டே இருந்தான்.

4

அவனுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அவன் காலேஜில் சேர்ந்த வருசம் எங்கள் அப்பாவுக்கும் இதே தலைவலி. முக்கூடலிலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் போய்வந்தால் படிப்பு பஸ்ஸோடு போய்விடும். ஹாஸ்டலில் விட்டால் சைவமும் மற்றதும் ஒரே சட்டியில் வேகும். அப்பா வாய்க்கால் பாலம் பக்கம் ஒரு வீட்டையே வாடகைக்குப் பிடித்தார். என் வீட்டுக்காரருக்கு அப்போது மாஞ்சோலைப் பக்கம் எஸ்டேட்டில் வேலை, மணிமுத்தாறு தாண்டிக் கீழே இறங்குவதே மாசத்துக்கு ஒரு தரம். அதனால் சமைத்துப் போட என்னைக் கூட அனுப்பினார்கள்.

நாலு வருசம் அந்த அடுப்படிக்கு நான்தான் தாசில்தார். ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப் பால் பிழிந்து சொதி வைத்தால் அவனோடு படிக்கிற பையன்கள் ஏழெட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். மாமியார் கிடையாது, நாத்தனார் கிடையாது, இன்றைக்கு என்ன குழம்பு என்று நான் சொன்னால் அதுதான் குழம்பு. சங்கரன் சாயங்காலம் சேர்ந்து படிக்கப் போகிறேன் என்று ஹாஸ்டல் பக்கம் போய்விட்டு வருவான். வந்தால் வாயில் ஆம்லெட் வாசம் வரும். "பல்லு வெளக்கிட்டுப் படிலே" என்பேன். வேறொன்றும் கேட்க மாட்டேன். அவன் பாஸ் பண்ணினதில் பாதி மார்க்கு என்னுடையது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

5

ஒரு சனிக்கிழமை ரெண்டு இடத்தையும் பார்க்கப் போனோம். காட்டினது கேரல் என்கிற தரகு அம்மா. ரோஸ் கலர் கோட்டு, இடுப்பில் பேஜர். வயசில் எனக்கு மகளாக இருக்கலாம். கையைப் பிடித்துக் குலுக்கி, "ஹலோ, கோமாட்டி" என்றாள். என் மாமியார்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோமதி என்கிற பேரை ஒழுங்காகச் சொல்லியாவது கூப்பிட்டிருக்கலாம்.

ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்த நாம், புது இடத்துக்குப் போனால் முதலில் தண்ணீரைத்தான் குடித்துப் பார்ப்போம். பெண் கொடுக்கப் போன ஊரிலேயே தண்ணீர் உவர்ப்பு என்று எழுந்து வந்தவர் எங்கள் பெரியப்பா. காண்டோவில் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்துக் குடித்தேன். மருந்து வாடை அடித்தது.

அடுத்ததாக அக்கம்பக்கம் விசாரிக்க வேண்டும் இல்லையா? பக்கத்துக் கதவு மணியை அடித்தேன். அரைக்கால் டவுசரோடு ஒரு பையன் வந்தான். கையில் பெரிய கிண்ணம், அதில் பாலும் பொரியும் மாதிரி ஏதோ. எனக்குத் தெரிந்த இங்கிலீசில், "வைஃப்?" என்று கேட்டேன். "நோ, மேடம்" என்றான். "மதர்?" என்றேன். அதற்கும் இல்லை என்றான். அவன் முகம் வாடிவிட்டது. திரும்பி வந்து, "பக்கத்துல குடித்தனக்காரங்க இல்ல, ஒண்டிக்கட்டை" என்று தகவல் சொன்னேன். மீனா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அத்தை, இங்க அப்படிக் கேக்கக் கூடாது. அது ப்ரைவசி."

"நான் என்ன அவன் சம்பளமா கேட்டேன்?"

அப்புறம் வீடு. பழைய வெள்ளை வீடு. மூணு அறை, அதில் ஒன்று கீழேயே, மாடி ஏற வேண்டாம். அந்த அறையிலிருந்து நாலு எட்டு வைத்தால் அடுப்படி. சூரியனைப் பார்த்துத் திக்கை நிதானித்தேன். அடுப்பு சரியாக அக்கினி மூலையில் இருந்தது. கட்டின வெள்ளைக்காரனுக்கு யார் சொன்னார்களோ. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆப்பிள் மரம். ஊரில் முளைத்திருக்கிற ஆப்பிள் மரத்துக்கு விதை இதுதான். தரையில் கம்பளம் இல்லை, மரப்பலகை. தாளிப்பு வாசம் பலகையில் ஏறாது.

தண்ணீரை மட்டும் குடித்துப் பார்த்து, "இது தேவலை" என்றேன்.

"யக்கா, ரெண்டுக்கும் ஒரே முனிசிபாலிட்டி தண்ணிதான்."

"இருக்கும். வார வழி வேறயில்லா?"

மீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, உங்களுக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு" என்றாள்.

"எனக்கென்னட்டி? நானா காலேஜுக்குப் போறேன்?"

6

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் பஞ்சாயத்து. மீனா காண்டோ என்றாள். காலேஜுக்கு நடந்து போகலாம், பனி அள்ள வேண்டாம், படிக்கலாம். எல்லாம் நியாயம்தான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் நியாயம்தான்.

செல்வி ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "வீடுதான் வாங்கணும். மதினி கூடப் போய் இருக்கட்டும். பெரியவங்க இருந்தாத்தான் பொம்பளப்பிள்ளைக்குப் பாதுகாப்பு" என்றாள்.

ஆறு வருசத்தில் உப்பிலிருந்து தலையணை உறை வரைக்கும் நானும் செல்வியும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனது கிடையாது. அவள் என் கட்சிக்கு வருகிறாள் என்றால் அதில் அவளுக்கு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். நான் மீனாவோடு போய்விட்டால் செல்வி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது கரண்டியோடு யாரும் நிற்க மாட்டார்கள். அவளும் ஆறு வருசமாக அவள் அடுப்படிக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறாள். பாவம், அவளும் கேட்டு வாங்குகிற குடும்பம் இல்லை.

அப்போது மீனா அவள் அப்பாவிடம் கேட்டாள். "காலேஜ்ல அத்தைகூடத்தானே இருந்தீங்க? உங்களுக்குப் பிடிச்சுதா?"

"சாப்பாடு பிரமாதமா இருக்கும்" என்றான் சங்கரன்.

"அது பதில் இல்லப்பா."

சங்கரன் தட்டில் கறிவேப்பிலையை ஓரமாகத் தள்ளினான். கறிவேப்பிலை தீர்ந்தது, பிறகும் தள்ளிக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு மோர் ஊற்றினேன்.

7

முடிவு ஆகவில்லை. ஆனால் ஆடி வந்துகொண்டிருந்தது. இங்கே காலேஜ் திறப்பது ஆகஸ்டு கடைசியில். அதற்குள் வாங்கி, சாமான் ஏற்ற வேண்டும் என்றால் அத்தனையும் ஆடியில் விழும். ஆடியில் யார் குடி போவார்கள்?

அதற்கு நம்மிடம் வழி இருக்கிறது. ஆடி பிறக்கும் முன்னால் பாலைக் காய்ச்சிவிட்டால் குடி போனதாகக் கணக்கு. ஆனியும் அப்படியொன்றும் சிலாக்கியம் இல்லைதான், ஆடிக்கு ஆனி தேவலை. வண்ணார்பேட்டையில் எங்கள் சித்தப்பா மகன் கட்டின வீட்டுக்குக் கதவு இல்லை, ஜன்னல் இல்லை, பாதிக் கூரைதான். ஆனி கடைசியில் செங்கல் கூட்டி வைத்துப் பால் காய்ச்சினோம். ஒரு கொத்தனார் சாரத்தில் நின்றபடியே டம்ளரை வாங்கிக் குடித்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனி கடைசி ஞாயிறு, அந்த வெள்ளை வீட்டை ஊரார் எல்லாருக்கும் திறந்து காட்டுகிறார்கள் என்று கேரல் போனில் சொன்னாள். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமாம். செல்வி என்னைப் பார்த்தாள், நான் செல்வியைப் பார்த்தேன். மறுநாள் செல்வி பஞ்சாங்கத்தை விரித்தாள். வெயில் காலத்தில் இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். ராகு காலத்தையும் எமகண்டத்தையும் தள்ள வேண்டுமா கூடாதா என்று பஞ்சாங்கத்தில் போடவில்லை. செல்வி பாங்கில் இருக்கிறவள் இல்லையா, தள்ளியும் தள்ளாமலும் ரெண்டு கணக்குப் போட்டு, எதற்கும் இடிக்காமல் ரெண்டரைக்கும் நாலுக்கும் நடுவே நேரம் பிடித்தாள்.

இன்னொரு தடவை பார்க்கணும் என்று சங்கரனைக் கிளப்பினோம். என் பையில் எவர்சில்வர் செம்பு, பால் டப்பா, சீனி, ஏலக்காய். மீனா வேண்டாவெறுப்பாகப் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

வீட்டுக்குள்ளே நல்ல வாசம். கேரல் அடுப்புக்குக் கீழே உள்ள சூட்டுப் பெட்டியில் பிஸ்கட் வேகப் போட்டிருந்தாள். வாங்க வருகிறவர்களுக்கு வீடு பிடிக்க வேண்டும் என்று இப்படிச் செய்வார்களாம். சங்கரன் அவளோடு கூரையைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனான். செல்வி அடுப்படி வாசலில் நின்றுகொண்டாள். நான் செம்பை ஏற்றினேன்.

கரண்ட் அடுப்பு பையத்தான் சூடேறும். செல்வி திரும்பித் திரும்பிப் பார்த்து, "பொங்கிட்டா மதினி, பொங்கிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பால் அவளுக்குப் பயந்து பொங்குமா? கடைசியில் நுரை ஏறியது. கிழக்கே பார்த்து லேசாகச் சாய்த்தேன். அழகாகக் கிழக்குப் பக்கமே வழிந்தது. என் ஆயுசில் அவ்வளவு லெட்சணமாகப் பால் பொங்கி நான் பார்த்ததில்லை.

வழிந்த பால் சிவந்த கம்பியில் விழுந்து புகைந்தது. கூரையில் ஒட்டியிருந்த, புகை பட்டால் கத்துகிற வட்டப் பெட்டி அலற ஆரம்பித்தது. செல்வி நாற்காலியில் ஏறி, வீட்டு விலை அச்சடித்த தாளால் அதற்கு விசிறினாள். கேரல் ஓடி வந்தாள், பின்னால் சங்கரன். கூடவே வீடு பார்க்க வந்த ஒரு சின்னஞ்சிறுசு, புருசனும் பெண்டாட்டியும், வாசலில் நின்று பார்த்தார்கள். அந்தப் பெண் மாசமாக இருந்தாள். ஏழாவது மாசம் இருக்கும்.

பெட்டி ஓய்ந்ததும் கேரல் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். மீனாதான் முன்னால் வந்து இங்கிலீசில் நீளமாகச் சொன்னாள். கேரல் முகம் தெளிந்தது. அந்தப் பிள்ளைத்தாச்சி, "ஓ" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

"என்னட்டி சொன்ன?"

"ஒரு வீட்டுல நல்லது நடக்கணும்னா எங்க ஆளுங்க பால் பொங்க வைப்பாங்கன்னு சொன்னேன்" என்றாள் மீனா. கொஞ்சம் நிறுத்தி, "யாருக்குன்னு சொல்லல" என்றாள்.

பால் காய்ச்சின வீட்டில் வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? அதுவும் வாயும் வயிறுமாக நிற்கிறவளை? காப்பிக்கு வைத்திருந்த காகித டம்ளரில் சீனியும் ஏலமும் போட்டு ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். செல்வி என் முழங்கையைக் கிள்ளினாள். "மொதல்ல மீனாவுக்குக் குடுங்க மதினி." அதற்குள் பிள்ளைத்தாச்சி குடித்துவிட்டாள். அவள் புருசனும் குடித்தான். கேரலும் குடித்தாள். மீனாவிடம் நீட்டினேன். "எனக்கு வேண்டாம் அத்தை, பால் பிடிக்காது" என்றாள். சின்னதிலிருந்தே பிடிக்காதுதான். பிள்ளைத்தாச்சி இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினாள்.

8

மறுநாள் கேரல் போன் பண்ணினாள். அன்றைக்குச் சாயங்காலமே அந்தச் சின்னஞ்சிறுசுகள் கேட்ட விலைக்கு மேலே கொடுத்து வீட்டை முடித்துவிட்டார்களாம். உள்ளே நுழைந்ததுமே சொந்த வீடு மாதிரி இருந்தது என்று அந்தப் பெண் சொன்னாளாம். கேரல் ரொம்ப நன்றி சொன்னாள். அடுத்த ஞாயிறு வேறொரு வீட்டைத் திறந்து காட்டுகிறாளாம், கோமாட்டி வர முடியுமா என்றும் கேட்டாள்.

சங்கரன் போனை வைத்துவிட்டு, சோபாவில் உட்கார்ந்து, தோள் குலுங்கச் சிரித்தான். நான் அழுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"நீ காய்ச்சுன பாலு பலிச்சிட்டுக்கா. அட்ரஸ்தான் மாறிட்டு."

செல்வி சிரிக்கவில்லை. ரெண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. மூணாம் நாள், "உங்களுக்கு ரொம்பத்தான் தாராளக் கை மதினி" என்றாள். பிள்ளைத்தாச்சிக்குக் கொடுத்ததைப் பற்றி நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

காண்டோ வாங்கினார்கள். சாவி கைக்கு வந்தது நல்ல ஆடியில். கேட்டதற்கு, "காத்துக்கு ஆடி என்ன, ஆவணி என்னக்கா" என்றான் சங்கரன். மீனா ஒரு பெட்டியும் ஒரு கம்ப்யூட்டருமாகப் போனாள். கூட வாடகைக்கு வந்தவள் ஒரு பஞ்சாபிப் பெண். நான் திரும்பவும் கரண்டியோடு நின்றேன்.

9

பனி காலத்தில், பொங்கல் கழிந்து, அந்தப் பஞ்சாபிப் பெண் யாரோ ஒரு பையனோடு இருக்கப் போகிறேன் என்று அறையைக் காலி பண்ணிவிட்டாள். தகவல் வந்த அன்றே செல்வி என் பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, தூசி துடைத்து, கூடத்தில் வைத்துவிட்டாள்.

"ரூம் சும்மாதான கெடக்கு. நீங்க போய் இருந்தா பிள்ளைக்கும் தொணை, உங்களுக்கும் அங்கன அடுப்பு கிடுப்பு எல்லாம் உங்க கையில" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு வருசமாகத் தெரிந்திருக்கிறது.

சங்கரன் போன் போட்டு என்னிடம் கொடுத்தான். "ஏட்டி மீனா, நான் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வாங்க அத்தை" என்றாள். நல்ல பிள்ளை. ஆனால் "வாங்க"வுக்கு முன்னால் ஓர் இடம் விட்டாள். ஒரு கட்டில் போட்டுப் படுக்கலாம், அவ்வளவு பெரிய இடம்.

நான் சங்கரனைப் பார்த்தேன். அவன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான், தலைகீழாக இல்லை, சரியாகத்தான் பிடித்திருந்தான். ஆனால் கண் ஓடவில்லை. பாளையங்கோட்டையில் நாலு வருசம் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகம் அது. அன்றைக்கு யாரும் அவனிடம் அக்கா வரட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனும் வா என்றுதான் சொல்லியிருப்பான். எவ்வளவு இடம் விட்டிருப்பான் என்றுதான் தெரியவில்லை.

"நான் வரலட்டி," என்றேன் போனில். "சும்மா கேட்டேன். கீழ மண்ணு இல்லாத எடத்துல நான் குடியிருக்க மாட்டேன். எங்க ஆள்கள் யாரும் இருந்ததில்ல. ஒழுங்காச் சாப்பிடு."

மீனா உடனே, இடமே விடாமல், "தேங்க்ஸ் அத்தை" என்றாள். எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செல்வி பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சங்கரனிடம் சொன்னாள்: "என்கூட வேலை பாக்க தெலுங்குக்காரி வீட்டுல கராஜுல ஒரு அடுப்பு போட்டிருக்காவ. பொரிக்கது, தாளிக்கது எல்லாம் அங்கனதான். வீட்டுக்குள்ள ஒரு பொட்டு வாசம் வராது."

கராஜ் என்றால் கார் நிறுத்துகிற கொட்டில். வீட்டோடு ஒட்டி இருக்கும், நடுவே ஒரு கதவு.

"யக்கா, உனக்குச் சம்மதமா?" என்று கேட்டான் சங்கரன்.

"உங்களுக்குத் தோணினா போடுங்க" என்றேன். குரலை ஒரே சீராக வைத்துக்கொண்டேன். கொட்டிலுக்குக் கீழே மண் இருக்கிறது, சிமெண்டு போட்ட மண்.

அந்தச் சனிக்கிழமை மூணு பேரும் கடைக்குப் போனோம். செல்வி ரெண்டு கம்பி உள்ள சின்ன அடுப்பைக் காட்டினாள். "ஒரு ஆளுக்கு இது போதும் மதினி."

"ஞாயித்துக்கிழமை சொதி வச்சா ஒண்ணுல சொதி, ஒண்ணுல சோறு. இஞ்சித் துவையலுக்கு எங்க போவேன்? உன் அடுப்படிக்கு வரவா?"

செல்வி நாலு கம்பி உள்ளதைக் காட்டி, இதையே போடுங்க என்று கடைக்காரனிடம் சொன்னாள்.

கார் வெளியே போனது. தினமும் காலையில் சங்கரன் கோட்டும் குல்லாவுமாக நின்று கண்ணாடியில் ஒட்டின பனியைச் சுரண்டுவான். நான் உள்ளே கோட்டும் குல்லாவுமாக நின்று தோசை சுடுவேன். "காருக்குக் குளிருதுக்கா" என்பான். "அதுக்கும் ஒரு கோட்டு வாங்கிப் போடு" என்பேன். சுரண்டின கையோடு ரெண்டு தோசை வாங்கித் தின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போவான். ஆம்லெட் கேட்டதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இப்போது மீனா லீவுக்கு வந்திருக்கிறாள். கொட்டிலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே அந்த ஊர்க் கதை எல்லாம் சொல்லுகிறாள். பாதி விளங்குகிறது. மீதிப் பாதி எனக்கு விளங்க வேண்டாம் என்றுதான் இங்கிலீசில் சொல்லுகிறாள் என்று நினைக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அவளும் சங்கரனும் கடைக்குப் போயிருந்தார்கள். நான் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தேன். நடுக்கதவில் ரெண்டு தட்டுக் கேட்டது. பூட்டு ஒன்றும் போடவில்லை, தள்ளினால் திறக்கிற கதவுதான். ஆனால் தட்டினவர் தள்ளவில்லை, அப்படியே நின்றார்.

வீட்டில் செல்வியைத் தவிர வேறு ஆள் கிடையாது. எனக்கு அது தெரியும்.

கையைத் துடைத்துக்கொண்டு, பைய, "யாரது?" என்று கேட்டேன்.